சின்ன டார்ச்சுக்கு எந்தக் கட்டை?

டார்ச் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரம் அடிக்கும்?" என்பதுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: உள்ளே என்ன கட்டை போடுவது? கையடக்க எல்இடி டார்ச்சின் நீளம், பருமன், வெளிச்சம், எரியும் நேரம் எல்லாமே பேட்டரியை ஒட்டித்தான் அமைகின்றன.

குண்டு பல்பு காலத்தில் இது பெரிய விஷயமாக இருக்கவில்லை. கலிபோர்னியாவில் டோனி மக்லிகாவின் நிறுவனம் 1984இல் கொண்டுவந்த மினி மேக்லைட், இரண்டு ஏஏ பேட்டரியில் எரிந்தது. கடைந்தெடுத்த அலுமினிய உடல். தலையைத் திருகினால் ஒளி குவியும், விரியும். வால்மூடிக்குள் ஒரு மாற்று பல்பு. இன்றைக்கும் பார்த்து ரசிக்கத்தக்க வேலைப்பாடு அது. பேட்டரி தளரத் தளர ஒளி மட்டும் மஞ்சளித்து மங்கும்.

1996இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனம் வெள்ளை எல்இடியை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் கணக்கு மாறியது. வெள்ளை எல்இடி நன்றாக எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். ஒரு ஏஏ தருவதோ 1.5 வோல்ட்தான்.

மலிவான தீர்வு, டிவி ரிமோட்டுக்குப் போடும் ஏஏஏ மூன்றை ஒரு பிளாஸ்டிக் கூட்டில் அடுக்குவது. 4.5 வோல்ட் கிடைத்துவிடும், தனிச் சுற்று எதுவும் தேவையில்லை. ஒன்பது எல்இடி பதித்த சின்ன டார்ச்சுகள் இப்படித்தான் பரவின. ஆனால் ஒரு ஏஏ, ஏஏஏயைவிட இரண்டு மடங்குக்கும் மேல் மின்சாரம் கொள்ளும். மூன்று கட்டை வாங்கியும் ஒன்றரை ஏஏயின் பலன்கூடக் கிடைப்பதில்லை. மூன்றில் ஒன்று முதலில் தீர்ந்துபோனால் மற்ற இரண்டும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளும். அது கசிந்து கூட்டையே அரித்துவிடும்.

ஒரே கட்டையோடு மின்னழுத்தத்தை உயர்த்தும் சுண்டுவிரல் நகமளவுச் சுற்றைச் சேர்ப்பது இன்னொரு வழி. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்த ஆர்க் ஏஏஏ, சாவிக்கொத்தில் மாட்டுமளவு சிறியதாக இருந்தும் இந்த வழியில் எரிந்தது. சுற்று நன்றாக அமைந்தால் பேட்டரி தீரும் தறுவாய் வரை வெளிச்சம் பெரிதாகக் குறையாது. சின்ன டார்ச்சில் கைத்திறன் வெளிப்படும் இடம் இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அடுத்தது லித்தியம் அயான். லேப்டாப் பேட்டரிகளுக்குள் இருந்த 18650, பெயரே சொல்வதுபோல் 18 மி.மீ. பருமன், 65 மி.மீ. நீளம். நல்ல 18650 ஒன்று 12 வாட்-மணி வரை கொள்ளும். ரீசார்ஜ் செய்யும் ஏஏ ஏறத்தாழ 2.4தான். அட்டையில் '1000 லுமென்' என்று அச்சாவது இந்தப் பலத்தால்தான். இங்கே வாங்குபவர் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் 2009ஆம் ஆண்டு எப்எல்1 அளவீட்டு முறைப்படி, எரியும் நேரம் என்பது ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலானது. உள்ளங்கையளவு உலோகம் அவ்வளவு சூட்டைத் தாங்காது என்பதால், சில நிமிடங்களிலேயே சுற்று வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அதன் பிறகான மணிக்கணக்கும் அட்டையில் சேர்ந்துவிடுகிறது.

ஏஏ அளவிலேயே வரும் 14500 லித்தியத்தில் வேறொரு ஆபத்து. அது 3.7 வோல்ட். 1.5 வோல்ட்டுக்கு மட்டும் செய்த டார்ச்சில் போட்டால் சுற்று கருகிப்போகலாம்.

2018 நவம்பர் 16இல் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபின், டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. பேட்டரியைக் கழற்ற முடியாத ரீசார்ஜ் டார்ச் அந்த நிலையில் ஓரிரு இரவோடு ஓய்ந்துவிடும். கட்டை மாற்றும் டார்ச்சுக்குச் சுவர்க் கடிகாரத்திலிருந்துகூட ஒரு ஏஏ எடுத்துப் போடலாம். அதனால் வீட்டுக்கு ஏற்றது ஒற்றை ஏஏ டார்ச்தான்: அன்றாடத்துக்கு நிக்கல் ரீசார்ஜ் கட்டை, மாதக்கணக்கில் தொடாமல் வைக்க எளிதில் கசியாத 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ. வாங்கும்போது ஐந்து லுமெனுக்கும் குறைவாக எரியும் ஒரு நிலை அதில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குப் படியிறங்க அது போதும். ஒரே கட்டையில் பல இரவுகள் ஓடும்.