எந்திரத்தின் மூளைக்குப் பொறுப்பு யார்?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன வாரம் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன் என்னைப் பார்க்க வந்தான். பாலிடெக்னிக் முடித்த பையன். ராணுவத்துக்கு டிரோன், அதாவது ஆளில்லா விமானம், செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. "அண்ணாச்சி, அதை ஓட்டுகிற மென்பொருள் எல்லோரும் பார்க்கத் திறந்திருப்பது நல்லதா, கம்பெனி பூட்டி வைப்பது நல்லதா?" என்று கேட்டான். கூட வந்த அவன் தாயார் குறுக்கிட்டு, "அது கிடக்கட்டும் அண்ணாச்சி. அது ஆள் மாறிக் கொன்னுட்டா இவனைப் பிடிப்பாங்களா?" என்றார். இரண்டும் ஒரே கேள்விதான். நான் மெட்ரிக் படித்த ரயில்வே குமாஸ்தா. தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

டிரோனைத் தரையிலிருந்து ஒருவர் ரேடியோ மூலம் ஓட்டுகிறார். எதிரி அந்த ரேடியோவைக் குலைத்துவிட்டால் டிரோன் குருடாகிவிடும். ஆகவே, இலக்கைத் தானே கேமராவில் பார்த்து, தானே போய்த் தாக்கும்படி அதற்குள் ஒரு மூளையை வைக்கிறார்கள். உக்ரைன் போரில் இந்த முறை வேகமாக வளர்ந்தது. அந்த மூளைதான் இந்த மென்பொருள்.

திறந்த மென்பொருளில் பேர்பெற்றவை இரண்டு. ஒன்று ஆர்டுபைலட். பொழுதுபோக்காக விமானம் விடுகிறவர்கள் கூடி வளர்த்தது. இதைத் திருத்தி மற்றவருக்குக் கொடுத்தால், திருத்திய எழுத்தையும் கொடுத்தாக வேண்டும் என்பது அதன் உரிமத்தின் நிபந்தனை. மற்றொன்று பிஎக்ஸ்4. சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இதை எவரும் எடுத்துத் திருத்தி, பூட்டியும் விற்கலாம். ஆகவே 'திறந்தது' என்ற பெயரைக் கேட்டதும் மயங்கக் கூடாது. எந்த நிபந்தனையில் திறந்தது என்று கேட்க வேண்டும். பூட்டிய சரக்குக்கு உதாரணம், அமெரிக்காவின் ஆண்டுரில் கம்பெனியின் லாட்டிஸ், ஷீல்ட் ஏஐ கம்பெனியின் ஹைவ்மைண்ட்.

பூட்டியதற்கும் நியாயம் உண்டு. எதிரி எளிதில் படித்துவிட முடியாது. கோளாறு வந்தால் சட்டையைப் பிடிக்க ஒரு கம்பெனி இருக்கிறது. ஆனால் திருத்தம் வேண்டுமென்றால் அந்தக் கம்பெனி வாசலில்தான் நிற்க வேண்டும். நான் கணக்குப் பார்த்த ஒரு சிறு கடன் சங்கத்தில் வட்டி தப்பாக ஏறியது. புரோகிராம் விற்றவரைக் கேட்டால், "அதில் அப்படித்தான் வரும்" என்றார். நாங்கள் பழைய பேரேட்டை எடுத்துக் கையால் கூட்டினோம். கடன் சங்கத்தில் போனது பணம். போர்க்களத்தில் போவது உயிர்.

1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படைவீடு ஒன்றின்மேல் ஈராக்கின் ஏவுகணை விழுந்து 28 சிப்பாய்கள் மாண்டார்கள். அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியட் கருவி 100 மணி நேரத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்தது. மென்பொருளின் கணக்குப் பிழையால் அதன் கடிகாரம் 0.34 விநாடி பிசகிவிட்டது. பிழை முன்பே தெரியும். 'மிக நீண்ட நேரம் ஓட்டினால் பிசகு வரும்' என்று சுற்றறிக்கையும் போயிற்று. எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை! நம் ரயில்வேயில் காஷன் ஆர்டர் கொடுத்தால், எந்தக் கிலோமீட்டரிலிருந்து எது வரை, என்ன வேகம் என்று எழுதிக் கொடுக்கிறோம். 'கொஞ்சம் மெதுவாகப் போ' என்று எழுதுவதில்லை. திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

அப்படியானால் திறந்ததே போதுமா? போதாது. இணையத்தில் உலகமே நம்பிய ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மென்பொருளில் 2012-இல் புகுந்த பிழை 2014-இல்தான் வெளிப்பட்டது. எல்லோரும் பார்க்கலாம் என்றிருந்தது. கண்ணில் படவே இரண்டு வருடம் ஆயிற்று. ஆர்டுபைலட் ஆக்கியவர்கள், ஆயுதமாக்க உதவ மாட்டோம் என்று தங்கள் நடத்தை விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் 2025 ஜூன் 1 அன்று உக்ரைன் லாரிகளில் ஒளித்துக் கொண்டுபோய் ரஷ்ய விமானத் தளங்களைத் தாக்கிய டிரோன்களில் அதுவே பயன்பட்டதாகச் செய்தி வந்தது. திறந்த கதவு எல்லோருக்கும் திறந்த கதவுதான்.

இன்னொன்றும் உண்டு. இலக்கை அடையாளம் காணும் பகுதி, லட்சக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கியது. அதைத் திறந்து பார்த்தால் எண்கள்தான் இருக்கும். டிராக்டரை ஏன் டாங்கி என்று நினைத்தது என்பதற்கு அதில் விடை இருக்காது.

ஆகவே தோழர்களே, ராணுவம் வாங்குகிற மென்பொருளின் எழுத்து முழுவதும், திருத்தும் உரிமையோடு, அரசின் கைக்கு வர வேண்டும். வெளியாள் சோதிக்க வேண்டும். இந்த வகையில் திறந்ததே மேல் என்பது என் கருத்து. ஆனால் அது பாதி வேலைதான். மறு பாதி, சுடும் முடிவை ஒரு மனிதன் எடுக்க வேண்டும், அவன் பெயர் பதிவில் இருக்க வேண்டும் என்பது. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள் வண்டிக்கு வழி விடும்போது பிரைவேட் நம்பர் பரிமாறிப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். விபத்து நடந்தால் முதலில் கைப்பற்றுவது அந்தப் பதிவேட்டைத்தான். ஒரு வண்டிக்கு இவ்வளவு என்றால், ஆளைக் கொல்லும் எந்திரத்துக்கு எவ்வளவு வேண்டும்?

2023 டிசம்பரில் தானியங்கி ஆயுதங்கள் பற்றி ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தது. ஆதரவு 152 நாடுகள், எதிர்ப்பு 4. அந்த நான்கில் இந்தியாவும் ஒன்று. ஜெனீவாவில் ஏற்கெனவே நடக்கும் பேச்சுவார்த்தையே போதும் என்பது நம் அரசின் வாதம். அந்த வாதம் சரியா என்று வரி கட்டுகிற நாம் கேட்கக் கூடாதா?

அந்தத் தாயாருக்கு நான் சொன்னது இதுதான்: "அம்மா, பதிவு இல்லாத இடத்தில் பழி கடைசி ஆள் தலையில்தான் விழும்." பையனிடம் சொன்னேன்: "வேலைக்குப் போ. சோதிக்காததைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போடாதே. வாய்மொழி உத்தரவு வந்தால் எழுத்தில் கேள். நீ கண்ட குறையை எழுதிக் கொடுத்து, ஒரு நகலை வீட்டில் வை என்று சொல்ல மாட்டேன், அது ராணுவ ரகசியம். ஆனால் கொடுத்த தேதியை மறக்காதே."

அவன் திங்கட்கிழமை வேலையில் சேருகிறான். வாழ்த்துவோம்.