'எங்க ஸ்கூல்' என்று சொல்லும் பிள்ளைகள்

(நம் குடியிருப்பின் குழந்தைகள் தின விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் ஆடிப் பாடிய குழந்தைகளுக்கு முதலில் என் பாராட்டு. "பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். காலமெல்லாம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான், கணக்கை மீற மாட்டேன்.

இன்று நான் பேச வந்ததைவிட, மன்னிப்புக் கேட்க வந்தேன் என்பதே சரி.

இரண்டு மாதங்களுக்கு முன் நம் புகார்ப் பதிவேட்டில் மூன்று புகார்கள் வந்தன. மொட்டை மாடியில் சத்தம், மொட்டை மாடியில் புகை, மூன்றாவதாக "எந்த வீட்டில் துக்கம்?" என்று ஒரு கேள்வி. மேலே போய்ப் பார்த்தேன். நம் காவலாளியின் மகள், அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிப்பவள், பறை அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். தோல் விறைப்பாக இருந்தால்தான் பறை பேசும். அதற்காகப் பழைய செய்தித்தாளைக் கொளுத்திச் சூடு காட்டியிருக்கிறாள். புகை வந்தது அதனால்தான்.

"சத்தம் வேண்டாம்மா, எல்லாரும் கேக்கறாங்க" என்றேன். "சரி தாத்தா" என்று இறங்கிப் போய்விட்டாள். எதற்காகப் பழகுகிறாய் என்று நான் கேட்கவில்லை. அதன் பிறகு காவலாளி அறையின் பின்புறம் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் இரண்டு குச்சிகளால் தட்டிப் பழகினாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அவள் பழகியது கலைத் திருவிழாவுக்காக. நம்மில் பலருக்கு இந்தப் பெயரே புதிதாக இருக்கலாம், நம் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் பள்ளிகளில் படிக்கிறார்கள். 2022-23ஆம் கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் இது தொடங்கியது. முதலில் பள்ளிக்குள் போட்டி, பிறகு வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று நான்கு படிகள். பாட்டு, ஓவியம், நாடகம், கிராமிய நடனம், கருவி இசை எல்லாம் உண்டு. மாநில அளவில் சிறப்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆன பிறகு மாவட்டப் போட்டி நமக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது.

அந்தப் பெண் வட்டார அளவில் வென்று மாவட்டத்துக்குப் போனாள். அங்கே பரிசு கிடைக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மொத்தப் பள்ளியும் கைதட்டியதாம். என்னிடம் சொல்லும்போது, "எங்க ஸ்கூல்ல இருந்து மாவட்டத்துக்கு நாங்க நாலு பேர்தான் தாத்தா" என்றாள். 'எங்க ஸ்கூல்' என்ற அந்தச் சொல் எனக்கு உறைத்தது. நம் பிள்ளைகள் 'ஸ்கூல்' என்பார்கள், அல்லது பள்ளியின் பெயரைச் சொல்வார்கள். 'எங்க' என்பது எத்தனை பேர் வாயில் வருகிறது? வீட்டுக்குப் போய்க் கவனித்துப் பாருங்கள்.

அந்த 'எங்க' பாடப்புத்தகத்தால் வருவதில்லை. பாடம் எந்தப் பள்ளியிலும் ஒன்றுதான். சேர்ந்து விளையாடி, சேர்ந்து தோற்று, ஒரே வேனில் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பும்போது வருவது அது. 2024இல் அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். மாணவர்களையும் ஆசிரியர்களையும் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். நம் காலத்தில் சில பள்ளிகளில் சிவப்பு அணி, நீல அணி என்று இருந்ததே, அதேதான். பெயர் மட்டும் நம்முடையது. ஏரிப் பாசனமும் கடற்கரையும் சேர்ந்த நம் மாவட்டப் பிள்ளைக்கு மருதமும் நெய்தலும் பாடம் அல்ல, பார்த்த ஊர்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். 2022 ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் நினைவிருக்கிறதா? மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட். 180க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்திருந்தார்கள். 16 வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று, முதல் பலகைக்கான தங்கம் வாங்கினார். அந்த மாதம் நம் லிஃப்ட் பக்கத்தில்கூடச் சதுரங்கப் பலகை விரித்திருந்தது. அந்தப் பலகைகள் இப்போது எங்கே? பரணில். ஆடிய பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அதே 2022 மே மாதம் பிரக்ஞானந்தா இணையவழிப் போட்டி ஒன்றின் அரையிறுதியை ஜெயித்தபோது நம்மூரில் நள்ளிரவு தாண்டிவிட்டது. காலையில் பதினொன்றாம் வகுப்புத் தேர்வுக்குப் போக வேண்டும். இரண்டும் ஒரே பிள்ளையின் வாழ்க்கையில் இடம் பிடித்தன. அதற்காக எல்லாரும் பிரக்ஞானந்தா ஆகலாம் என்று நான் சொல்லவில்லை. குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளியையே விட்டவர். அது வேறு பாதை, லட்சத்தில் ஒருவருக்கு. நான் பேசுவது மீதிப் பிள்ளைகளைப் பற்றி, எதிலும் பரிசு வாங்கப் போகாத பிள்ளைகளைப் பற்றி.

"பத்தாவது சார், ஒரு வருஷம்தானே" என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். என் மகள் பள்ளியின் கோ-கோ அணியில் இருந்தாள். பத்தாம் வகுப்பு வந்ததும் நானே பள்ளிக்குப் போய் எழுதிக் கொடுத்து நிறுத்தினேன். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. அந்த வருடம் அணி மாவட்டப் போட்டிக்குப் போனது, அவள் வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல மதிப்பெண்தான். எவ்வளவு என்று கேட்டால் கோப்பைத் தேடித்தான் சொல்ல வேண்டும். ஆனால் அணி கிளம்பிய அந்தச் சனிக்கிழமை அவளுக்கு இன்றும் மறக்கவில்லை. போன மாதம்கூடச் சொன்னாள். நான் வரவில் எழுதியதை அவள் செலவில் எழுதி வைத்திருக்கிறாள்.

வங்கியில் என்னோடு விளையாட்டுக் கோட்டாவில் சேர்ந்த ஒருவர் இருந்தார், கைப்பந்து ஆடுபவர். பயிற்சிக்கு மூன்று மணிக்கே கிளம்புவார், எங்களுக்கெல்லாம் பொறாமை. ஆனால் ஆடுகளம் இல்லாத நாட்களில், சாயங்காலம் ரொக்கம் ஒத்துப்போகாவிட்டால் நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருப்போம். "முதல்லேர்ந்து எண்ணலாம் வாங்க" என்பவர் அவர் ஒருவர்தான். தோற்றுப் பழகியவருக்குத்தான் பதறாமல் இருக்கத் தெரியும்.

ஆகவே, சங்கத்திடமும் உங்களிடமும் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, மாலை ஐந்து முதல் ஆறரை வரை மொட்டை மாடியையும் இந்த அரங்கையும் பிள்ளைகளின் பயிற்சிக்கு விடுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, நம்மிடம் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கும்தான். அந்த ஒன்றரை மணி நேரத்துச் சத்தத்துக்குப் புகார் எழுத வேண்டாம்.

இரண்டு, பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்காதீர்கள். ஏதாவது ஒன்றையாவது, அரையாண்டுத் தேர்வு வரையிலாவது விட்டுவையுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. கிடைத்த அந்த ஒரு வருடத்தையும் டியூஷனுக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்று, இன்று பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "எத்தனை மார்க்?" என்பதற்கு முன்னால் "இன்னிக்கு யாரோட விளையாடின?" என்று கேளுங்கள்.

கடைசியாக, அந்தப் பெண் இப்போது அரங்கின் பின்வரிசையில் அப்பாவோடு உட்கார்ந்திருக்கிறாள். அன்று மாடியிலிருந்து அவளை இறக்கியவன் நான். மன்னித்துக்கொள் அம்மா. பள்ளியில் கேட்டுப் பறையை வாங்கி வந்திருக்கிறோம், தோலுக்குச் சூடு காட்டியாகிவிட்டது. யாருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால், என் பேச்சு இத்தோடு போதும். இனி அவள் வாசிப்பதைக் கேட்போம்.