ஆசிரியருக்கும் பக்கத்து நிரை வேண்டும்

பெம்பான் வட்டாரத் தோட்டப் பெருமக்களே,

புதிதாகப் பால்மரம் வெட்ட வருபவர், பக்கத்து நிரைக்காரரின் கைப்பக்குவத்தைப் பார்த்தே தொழில் கற்கிறார். ஆசிரியரும் அவ்வாறே. ஆயின், மாணவர் குறைந்த தோட்டப்பள்ளியில் நான்காம் ஆண்டுக் கணிதம் போதிப்பவர் ஒருவரே. அவருக்குப் பக்கத்து நிரை ஏது? ஆசிரியப் பயிற்சி பெற்ற நாம் அத்தனிமையை அறிவோம்.

1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520-க்குச் சற்று மேல். மலாக்காவில் 21. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் அடைபட்டபோது, ஆசிரியர்கள் டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களின் வழி பயிற்சித்தாள்களையும் பாடக் காணொலிகளையும் பகிர்ந்துகொண்டனர். பின்னக் கணக்கை ரொட்டித் துண்டு கொண்டு விளக்கும் முறையை மலாக்கா ஆசிரியர் ஒருவர் அனுப்பினால், பேராக் ஆசிரியர் மறுநாளே அதனை எடுத்தாளலாம். பிழையிருப்பின் திருத்தியும் அனுப்பலாம். வந்த தாளை அப்படியே அச்சிட்டு மாணவரிடம் நீட்டுவதை மட்டும் நாம் கூட்டுப்பணி எனக் கொள்ளோம்.

ஆகவே, மாலையில் ஆசிரியர் கைப்பேசியை நோக்கியிருப்பின், பொழுது போக்குகிறார் என முடிவு கட்டிவிடாதீர்கள். என்ன பாடம் வந்தது என்று கேளுங்கள். உங்கள் லயத்தில் இணைய அலை எட்டவில்லையெனில், அதனைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தயங்காது எடுத்துரையுங்கள். பாடத்தை அச்சிட்டுத் தருமாறு கேட்கலாம்.