கைகள் பேசும் அரங்கு



செவிப்புலனற்றோருக்கும் நாடகத்துக்கும் என்ன உறவு என்று எம்மிற் சிலர் நினைக்கலாம். கைமுத்திரையைக் கலையாகப் போற்றும் நாம் அப்படி நினைப்பது விந்தையே. எனினும் ஒன்றை முதலிலே சொல்லிவிடுகிறோம். பரதத்தின் முத்திரை பாட்டின் பொருளை விளக்கி நிற்பது. சைகைமொழியோ பேச்சை அண்டி நில்லாத தனிமொழி. புருவத்தை உயர்த்துவதுங்கூட அதில் இலக்கணமாகும். அமெரிக்கச் சைகைமொழியின் இவ்வியல்பை வில்லியம் ஸ்ரோக்கோ என்னும் பேராசிரியர் 1960இல் ஆராய்ந்து வெளியிட்டார்.

அதற்கு முன் நடந்தது கொடுமை. 1880இல் இத்தாலியின் மிலான் நகரிற் கூடிய கல்வி மகாநாடு, செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குச் சைகையை விலக்கி வாய்ப்பேச்சினாலேயே கற்பிக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. தீர்மானித்தோரில் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள்! பல நாட்டுப் பாடசாலைகளிற் பிள்ளைகளின் கைகள் அடக்கப்பட்டன. அத்தீர்மானத்துக்காக வருத்தந் தெரிவிக்க 2010 வரை சென்றது.

இன்று அமெரிக்க நாடக அரங்குகளிலே சைகைமொழிபெயர்ப்பாளரை அமர்த்தும் வழக்கம் உண்டு. அவர்கள் நாடகப் பிரதியை முன்கூட்டியே பயின்று, மேடையோரத்தில் நின்று வசனத்தைக் கைகளால் தருவர். அரிய தொண்டுதான். ஆனாற் பார்ப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தால் நடிகரின் முகபாவம் தவறும்; நடிகரைப் பார்த்தால் வசனம் தவறும். நமக்குக் கண்ணும் காதும் உண்டு. அவருக்கு இரண்டுக்கும் கண்ணொன்றே. ஆகவே, ஓரத்திலே ஒருவரை நிறுத்தியதோடு கடமை தீர்ந்தது என்பது எமக்கு உடன்பாடன்று. செவிப்புலனற்ற கலைஞர் மேடையின் நடுவே வரவேண்டும்.

வந்தும் இருக்கிறார்கள். நியூயோர்க்கின் புரோட்வேயில் 'சில்ட்ரன் ஒவ் எ லெசர் கோட்' என்ற நாடகத்தின் நாயகியாக நடித்த பிலிஸ் பிரெலிக், பிறவியிலேயே செவிப்புலனற்றவர். 1980இல் ரோனி விருது அவருக்குக் கிடைத்தது. நாடகாசிரியர் மார்க் மெடொவ் அவரை மனத்திற் கொண்டே அப்பாத்திரத்தைப் படைத்தார்.

1991இல் லொஸ் ஏஞ்சல்ஸில் எட் வாட்டர்ஸ்ரீற் தொடங்கிய டெவ் வெஸ்ற் நாடகசபை இன்னும் ஒருபடி மேலே சென்றது. அங்கே செவிப்புலனற்ற நடிகர் சைகையால் நடிக்க, காது கேட்கும் நடிகர் அதே மேடையில் நின்று அவருக்குக் குரல் கொடுப்பார். 2003இல் அச்சபை 'பிக் றிவர்' என்னும் இசைநாடகத்தைப் புரோட்வேக்குக் கொண்டுவந்தது. மார்க் ட்வெயினின் ஹக் என்ற சிறுவனின் கதை அது. ஹக்காக நடித்தவர் செவிப்புலனற்றவர். மார்க் ட்வெயினாக வேடந் தரித்தவரே அவருக்குக் குரலானார். எவ்வளவு பொருத்தம்!

அந்நாடகத்திலே ஒரு பாட்டின் நடுவில் இசையும் குரலும் திடீரென நின்றுவிடும். மேடையிலுள்ளோர் அனைவரும் கைகளால் மாத்திரம் அப்பாட்டைத் தொடர்வர். காதை நம்பி வந்திருந்தோர், அந்தச் சில கணங்களுக்கு, கண்ணாலேயே பாட்டுக் கேட்டார்கள்.