பழவேற்காட்டில் காண வேண்டியவை

(காலடிப்பேட்டையிலிருந்து கல்விச் சுற்றுலா புறப்பட்ட ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் காலடிப்பேட்டை, நெசவாளருக்கென அமைந்த ஊர். 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட்டின் பெயரே மருவி இவ்வாறாயிற்று. நாம் செல்லவிருக்கும் பழவேற்காடும் துணி வாணிகத்தால் பெயர் பெற்ற துறைமுகமே. அத்துணியை நாடி வந்த ஒல்லாந்தர் அங்கே 1613-இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டி முடித்தனர்.

இன்று அக்கோட்டையைத் தேடுவோருக்கு அகழியின் தடமும் புதர் மண்டிய மேடுமே தென்படும். ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் காவலில் உள்ளது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். செம்புறாங்கல்லாலான ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் காணத்தக்கது. ஏரியோ, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சில்காவுக்கு அடுத்த பெருமையுடையது. பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் பூநாரைகள் அங்கே திரள்திரளாக வந்திறங்கும்.

இவற்றைக் கண்டு மகிழ்வதோடு நாம் திரும்பிவிடலாகாது. அங்குள்ள மீனவரிடம் 'பாடு' என்னும் முறையைக் கேட்டறிதல் வேண்டும். வலை கட்டும் இடம் ஏரியில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் போதாது. ஆகவே, இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று ஊரார் கூடிச் சீட்டுக் குலுக்கி முறை வைக்கின்றனர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை. பாட்டுரிமை இல்லாதாரின் மனக்குறையும் உண்டு, அதனையும் கேளுங்கள். முறை வைத்து மடை திறக்கும் நம் உழவர்களுக்கு இவ்விரண்டும் எளிதில் விளங்கும்.

மற்றொன்று, முகத்துவாரம். அது மணலால் தூர்ந்தால் கடல்நீர் உட்புகாது. இறாலும் மீனும் ஏரிக்கு வருவது தடைப்படும். வலைக்குரிய முறை செம்மையாயிருந்தும் வலையில் ஒன்றும் விழாது. ஆரணியாறும் அவ்வேரியில்தான் கலக்கிறது. ஆற்றங்கரை ஊரார் கொட்டும் குப்பையும், வயலில் மிகுதியாய் அடித்த பூச்சிமருந்தும் நீரோடு சென்று சேருமிடம் அதுவே. நம் ஊர் வாய்க்காலின் தூய்மை, நாம் கண்டிராத மீனவர் ஒருவரின் அடுப்போடு தொடர்புடையது.

ஆதலால் ஒவ்வோர் உறுப்பினரும் திரும்பியபின் அடுத்த கிராம சபையில் மூன்று செய்திகளை எடுத்துரைக்க வேண்டுகிறோம்: பொதுச் சொத்தை அங்கே எவ்வாறு பங்கிடுகின்றனர், எவர் விடுபட்டுள்ளனர், நம் ஊரிலிருந்து ஏரிக்குச் செல்வது என்ன. இம்மூன்றுக்கும் விடை கொணர்ந்தால், இப்பயணத்திற்குச் செலவிட்ட பொதுப்பணம் பயனுற்றதாகும்.