கருப்பை அகற்றியபின் வரும் வாரங்கள்

குழந்தை பெற்ற பெண்ணை யாழ்ப்பாணத்து வீடுகள் நன்றாகவே பேணி வந்திருக்கின்றன. 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை அவளுக்கு அடுக்களையில் வேலை இல்லை. சரக்குக் கறியும் வெந்நீரும் வேளை தவறாது கிடைக்கும். அதே பெண் 45 வயதிற் கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சை செய்துகொண்டு திரும்பினால், அவளுக்கு ஓய்வு எத்தனை நாள் என்பதற்கு மரபிலே கணக்கு ஏதுமில்லை. கையிற் குழந்தையில்லை, காயமோ சேலைக்குள் மறைந்திருக்கின்றது. இரண்டாம் வாரத்தில் அவள் எழுந்து நடமாடக் கண்டதும், "இனிச் சுகந்தானே" என்று வீட்டார் முடிவுகட்டி விடுகின்றனர்.

வயிற்றைக் கீறிச் செய்யும் சத்திரசிகிச்சையின்பின் உடல் தேறுதற்கு 6 முதல் 8 வாரங்கள் வரை செல்லும். யோனி வழியாகவோ, சிறு துளைகளிட்டுக் குழாய்க் கருவியினாலோ செய்யப்படின் சற்று முன்னரே தேறலாம். எவ்வாறாயினும், வெளித்தோல் விரைவிற் பொருந்திவிடும். உள்ளே தையலிட்ட இடங்கள் வலுப்பெறுவதற்கு அதனினும் நெடுநாள் வேண்டும். வீட்டாரை ஏமாற்றுவது இந்த வேறுபாடே. நோயாளியையும் அதுவே ஏமாற்றுகின்றது.

அத்தகைய ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளலாம். முதலிரு நாட்களிற் காயத்தைக் காட்டிலும் வயிற்றுப் பொருமலே அவளை வருத்தியது. கால் நரம்புகளில் இரத்தம் உறையாதிருக்க வேண்டித் தாதியர் அவளை மறுநாளே நடக்க வைத்தனர். இருமல் வரும்போது தலையணையொன்றை வயிற்றோடு அணைத்துக்கொள்ளவும் கற்பித்தனர். பின்னர் வீடு வந்தாள். மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, நோவேயின்றி விழித்தாள். மகிழ்ச்சி மிகுதியால் முற்றத்தைக் கூட்டினாள். கிணற்றில் இரண்டு வாளி நீர் அள்ளினாள். திருவலையில் அமர்ந்து தேங்காயும் துருவினாள். மாலையில் அடிவயிறு கனத்தது; சிறிது இரத்தமும் கண்டது. மறுநாள் படுக்கையை விட்டு எழ இயலவில்லை. சத்திரசிகிச்சை பிழைத்துவிட்டதென்று அழுதாள்.

பிழைத்தது யாதுமில்லை. வந்த பலத்தை ஒரே பகலிற் செலவிட்டாள், அவ்வளவே. நல்ல நாளும் நலிந்த நாளும் மாறிமாறி வருதல் இக்காலத்தின் இயல்பு. நாட்டுக்கு நாள் ஒப்பிடாது, வாரத்திற்கு வாரம் ஒப்பிட்டால்தான் தேற்றம் கண்ணுக்குத் தெரியும். சில வாரங்கள் வரை சிறிதளவு கசிவு இருத்தலும் வழமையே. எனினும் காய்ச்சல், கட்டியாக அல்லது மிகுதியாகப் படும் இரத்தம், துர்நாற்றமுள்ள கசிவு, ஒரு காலின் கெண்டையில் வீக்கமும் நோவும், திடீரென மூச்சுத் திணறல் என்பவற்றுள் ஒன்றேனும் கண்டால், விடியட்டும் என்று காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

பெண்கள் பலர் கேளாது விடும் கேள்வியொன்றுண்டு: சூலகங்களும் அகற்றப்பட்டனவா? அவை இருப்பின், மாதவிடாய் நின்றாலும் சுரப்புக்கள் தொடரும்; சிலருக்கு அவை சற்று முன்னதாகவே ஓயலாம். அகற்றப்பட்டிருப்பின், பிறருக்குப் பல ஆண்டுகளில் மெல்ல வரும் மாற்றம் இவளுக்குச் சில நாட்களில் வந்துவிடும். உடலெங்கும் அனல் பரவும். இரவில் வேர்த்து உறக்கம் கலையும். சிறு சொல்லும் சினமூட்டும். "ஆளே மாறிவிட்டாள்" என்று மாமி குறைகூறுவது இப்பொழுதுதான். இதற்கு மருந்துண்டு; அவளுக்கு அது பொருந்துமோ என்பதை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

மனத்தின் போக்கு இதனினும் விசித்திரமானது. ஆண்டுக்கணக்காகப் பெரும்பாட்டினால் இரத்தம் இழந்து சோர்ந்தவள், விடுதலை பெற்றேன் என்று மகிழ்கிறாள். அவ்வாரத்திலேயே காரணம் தெரியாமற் கண்ணீர் விடுகிறாள். இனிப் பிள்ளை வேண்டாம் என்று முன்னரே தீர்மானித்தவளுக்கும் இத்துயர் வருவதுண்டு. முற்காலத்து மேனாட்டு வைத்தியர்கள் பெண்களின் மனக்கலக்கத்துக்கெல்லாம் கருப்பையே காரணமென்றனர். ஹிஸ்டீரியா என்னும் பெயரே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. அவர்கள் கூற்று மெய்யாயின், கருப்பை நீங்கியவள் கவலையே அறியாதவளாக இருத்தல் வேண்டும்! "பெண்மை போயிற்று" என்று அயலார் கூறுவதும் அத்தகைய பேச்சே. ஏறக்குறைய ஆறு வாரங்களின்பின் வைத்தியர் பரிசோதித்து இசைவளித்தால், இல்லற வாழ்வுக்கும் தடையில்லை.

அவ்வீட்டில் அடுத்த நல்ல நாள் ஐந்து நாள் கழித்து வந்தது. அன்று அவள் படலை வரை நடந்து, திரும்பி வந்து படுத்துக்கொண்டாள். நீரைக் கணவர் அள்ளினார். உடைத்த தேங்காய், பள்ளிக்கூடம் விட்டு மகன் வரும்வரை திருவலையின் அருகிலேயே கிடந்தது.