மனனமும் மறதியும்

(வானொலி இலக்கியத் தொடர் உரை)



காலையில் வந்துபோனவர் யார் என்று கேட்டால் தடுமாறுகின்ற முதியவர், மாலையில் விளக்கேற்றியதும் சிறுவயதிற் பாடமாக்கிய தேவாரப் பதிகத்தை அடி பிசகாமற் பாடுவார். இது நம்மிற் பலர் கண்டிருக்கக்கூடிய காட்சிதான். இன்று நடந்தது நழுவிப்போக, எழுபது ஆண்டுகளுக்கு முந்தியது எப்படி நிலைத்து நிற்கிறது? அதிலும் கேட்ட கதையைவிடப் பாடிய பாட்டு ஏன் பிழையின்றி நிற்கிறது? இலக்கியத்தை வாயாலும் செவியாலும் காத்து வந்த ஒரு மரபுக்கு உரியவர்கள் நாம். ஆகவே இக்கேள்விகள் மருத்துவருக்கு மட்டும் உரியவை அல்ல.

புதியவை முதலில் அழியும், பழையவை பின்னரே அழியும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் ரிபோ 1881இல் நினைவின் நோய்கள் பற்றி எழுதிய நூலிலேயே எடுத்துக்காட்டினார். அதன் காரணம் விளங்கத் தொடங்கியது 1953க்குப் பின்னர்தான். அவ்வாண்டு அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்ற 27 வயது இளைஞருக்கு, கடுமையான வலிப்பு நோயைத் தணிப்பதற்காக மூளையின் இரு பக்கத்திலும் உட்பகுதி ஒன்றை அகற்றினார்கள். கடற்குதிரையின் வடிவத்தை ஒத்ததால் ஹிப்போகம்பஸ் எனப் பெயர் பெற்ற உறுப்பின் பெரும்பகுதியும் அதனோடு போயிற்று. வலிப்புக் குறைந்தது. ஆனால், அதன் பின்னர் நிகழ்ந்த எதுவும் அவர் நினைவில் நிலைக்கவில்லை. சற்று முன் பேசியவர் வெளியே சென்று திரும்பினால் அவரைப் புதியவராகவே வரவேற்பார். இளமைக் காலத்தை மட்டும் அவரால் சொல்ல முடிந்தது.

பிரெண்டா மில்னர் என்ற அறிஞர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் விம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் ஒன்றை வரைய வேண்டும். நாளுக்கு நாள் மொலேசனின் கை திருந்தியது. ஆனால், ஒவ்வொரு நாளும் அவர், இதைத் தாம் முன்பு செய்ததே இல்லை என்றார்! நினைவு ஒன்றல்ல, பல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நிகழ்ச்சியின் நினைவு வேறு, பழக்கத்தின் நினைவு வேறு. புதிய நிகழ்ச்சிகளைப் பதிப்பதற்கு ஹிப்போகம்பஸ் வேண்டும். நாட்பட்ட நினைவுகளோ மூளையின் மேற்பரப்பெங்கும் பரவி வேரூன்றிவிடுகின்றன. முதுமையின் மறதி நோய் பெரும்பாலும் முதலிலே தாக்குவது இந்த ஹிப்போகம்பஸ் பகுதியைத்தான். காலை விருந்தினர் மறந்துபோக, பதிகம் எஞ்சி நிற்பதன் காரணம் இதுவே.

இனி மறதியின் வேகத்தைப் பார்ப்போம். ஜேர்மனிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வுக்குத் தம்மையே சோதனைப் பொருளாக்கினார். பொருளற்ற அசைகளை வரிசையாக மனனஞ் செய்து, சில காலம் சென்று மீண்டும் அவற்றைக் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். 20 நிமிடத்தில் மிச்சம் 58 வீதம். ஒரு நாளில் 34 வீதம். ஒரு மாதத்திலோ 21 வீதம். மறதி தொடக்கத்திற் பாய்ந்து வந்து, பின்பு நிதானமாக நடக்கிறது. ஒரே நாளில் 68 தடவை உருப்போடுவதால் வரும் பயன், மூன்று நாட்களில் பகிர்ந்து 38 தடவை சொல்வதாலேயே கிட்டிவிடுகிறது என்பதையும் அவர் கண்டார்.

அவர் செய்த இன்னொரு சோதனை நமக்கு மிகவும் வேண்டியது. ஆங்கிலக் கவிஞர் பைரனின் ‘டொன் ஜுவான்’ காவியச் செய்யுள்களையும் அவர் மனனஞ் செய்தார். பொருளற்ற அசைகளுக்கு ஆகும் உழைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே செய்யுளுக்குப் போதுமானதாக இருந்தது.

இதற்குக் காரணம் பொருள் மட்டுமல்ல, யாப்புந்தான். அடுத்த சீர் மோனையாலும், அடுத்த அடி எதுகையாலும் முன்னறிவிக்கப்படுகின்றன. மறந்த இடத்தில் எந்தச் சொல்லும் பொருந்திவிடாது. ஓசைக்கும் பொருளுக்கும் ஒருங்கே இசைந்த ஒரு சொல்தான் பொருந்தும். ஆகவே தேடவேண்டிய இடம் சுருங்கிவிடுகிறது. பாடமாக்கியவர் பெரும்பாலும் தடுக்கி விழுவது ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுத் தொடங்கும் இடத்தில். அந்த இடைவெளிக்கும் நம்மவர்கள் பாலம் போட்டார்கள். ஒரு பாட்டின் ஈற்றுச் சொல்லே அடுத்த பாட்டின் முதலாகும் அந்தாதி, அழகு மட்டுமன்று, நினைவின் சங்கிலியுமாகும். நாட்டுக்கூத்திலே அண்ணாவியார் சொல்லிக்கொடுக்கச் செவிவழியே விடியவிடியப் பாடும் பாட்டுகளைக் கற்றுக்கொண்ட கலைஞர்களைத் தாங்கியதும் இந்த ஓசைதான்.

ஓசையின் காவல் இல்லாத கதைக்கு என்ன நேருகிறது? கேம்பிரிட்ஜ் அறிஞர் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலிற் காட்டினார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் பேய்க்கதை ஒன்றை ஆங்கிலேயருக்குப் படிக்கக் கொடுத்து, காலம் விட்டுவிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். கதை சுருங்கியது. ஓடம் படகாயிற்று, கடல்நாய் வேட்டை மீன்பிடியாயிற்று. விளங்காதவை எல்லாம் உதிர்ந்து, அவரவர் உலகுக்கு இசைந்தவை புகுந்தன. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. நினைவு என்பது பூட்டிவைத்த களஞ்சியமன்று. நினைக்குந்தோறும் புதிதாக வேயப்படும் கூரை என்பதே இதன் பொருள்.

அப்படியானால் எது நினைவை நிலைக்கச் செய்யும்? நன்னூலின் பாயிரத்திலே பவணந்தியார் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவன் பெறுவது காற்பங்கு. உடன் கற்பவரோடு பயில்வதால் இன்னொரு காற்பங்கு. மிகுதி அரைப்பங்கு, தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேர்கிறது. அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனை இதற்கு உரை எழுதியது போல் இருக்கிறது. ஒரு பகுதியினர் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு வேளை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு வேளை படித்து, தாளை மூடிவிட்டு மூன்று வேளை நினைத்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தின் பின் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரத்தின் பின்னரோ, படித்தவர்கள் 40 வீதத்தையே நினைவுகூர, எழுதிப் பார்த்தவர்கள் 61 வீதத்தை நினைவுகூர்ந்தார்கள். உள்ளே திணிப்பதைவிட வெளியே எடுப்பதே நினைவை உரமாக்குகிறது.

பரீட்சைக்கு முதல்நாள் இரவு முழுவதும் கொப்பிகளோடு விழித்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைச் சிந்திக்க வேண்டும். உறக்கம் வீண்பொழுதன்று. கற்றபின் உறங்கியவர்கள், அதேயளவு நேரம் விழித்திருந்தவர்களைவிடக் கூடுதலாக நினைவுகூர்ந்ததை ஜென்கின்சும் டாலன்பாக்கும் 1924இலேயே காட்டினர். கவனமின்றிக் கேட்டது பதிவதில்லை. மிகுந்த அச்சமோ, பதிந்ததைக்கூட வெளிவர விடுவதில்லை. அடித்தும் அச்சுறுத்தியும் மனனஞ் செய்விப்பது, கட்டிய வீட்டுக்குள் நுழையும் வாசலை அடைப்பது போன்றது.

பொருளறியாது ஒப்புவிக்கும் கிளிப்பிள்ளைப் பாடத்தைக் கண்டித்தோம், அது சரிதான். ஆனால், அத்தோடு பாட்டை வாய்விட்டுச் சொல்லும் வழக்கத்தையும் கைவிட்டுவிட்டோம். பொருளோடும் ஓசையோடும் இளமையிற் பதிந்த பாட்டு, வாழ்நாளின் கடைசிவரை கூட வரக்கூடிய சொத்து. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விடுவது நாம் செய்யும் சிக்கனமா, வஞ்சனையா?

இன்னொரு கடமையும் உண்டு. இடப்பெயர்வுகளாற் சிதறிய ஊர்கள் நமக்குப் பல. அவ்வூர்களின் கோயில், குளம், தெரு, மனிதர் பற்றிய கதைகள் முதியவர்களின் நெஞ்சில் உரைநடையாகவே இருக்கின்றன. அவற்றுக்கு எதுகையும் மோனையும் காவல் இல்லை. சொல்லச் சொல்ல அவை மாறும். சொல்லாது விட்டாலோ மறையும். ஆகவே பாட்டைப் பாடவைப்போம்; கதையைக் கேட்டு இன்றே எழுதிவைப்போம்.